12 வயசு நாய்க்கு முதுமை வந்துடுச்சு, 16 வயசு கிளி ஜம்முனு இருக்கு. ஏன்?

பெரம்பூர்வாசி | ஞாயிறு காலை 7.40

எங்க வீட்டு லேப்ரடார் சீசருக்கு இந்தப் பொங்கலோட 12 வயசு முடிஞ்சுது. ரெண்டு மாசமா மாடிப்படி ஏற மாட்டேங்கிறான். முதல் படியில முன்காலை வைப்பான், மேலே நிக்கிற என் பொண்ணைப் பார்ப்பான், அப்படியே காலை இறக்கிடுவான். மூஞ்சி முழுக்க நரை. கண்ணுல நீலம் பூத்தாப்ல ஒரு மங்கல். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். ரத்தம் எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார், இடுப்பு மூட்டை அழுத்திப் பார்த்தார். கடைசியில, "பெருசா ஒண்ணுமில்லைங்க, வயசாயிடுச்சு"ன்னு சொல்லி அனுப்பிட்டார்.

அதே வீட்டு பால்கனியில ஒரு கொண்டைக்கிளி இருக்கு. கடையில காக்டெயில்னு சொல்வாங்க. என் மனைவி கல்யாணத்துக்கு முன்னாடி 2010-ல வாங்கினது. 16 வயசு, 90 கிராம் இருந்தா அதிகம். இன்னிக்குக் காலையிலயும் பால்காரரோட சைக்கிள் பெல்லை அச்சு அசலா விசில் அடிச்சுது.

ஆறாவது படிக்கிற பொண்ணு கேட்கிறா: "கிளிதானேப்பா மூத்தது? சீசருக்கு மட்டும் ஏன் வயசாச்சு?" நாய்க்கு ஒரு வருஷம்னா நமக்கு ஏழு வருஷம்மான்னு சொல்லி வச்சேன். "அப்ப கிளிக்கு எத்தனை?"ன்னு அடுத்த கேள்வி. எனக்கு அதுக்கு மேல சொல்லத் தெரியலை.

"வயசாயிடுச்சு"ங்கிறது ஒரு காரணமா, இல்லை காரணம் தெரியாதப்ப சொல்ற வார்த்தையா? விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க. அவளுக்குச் சரியான பதிலைச் சொல்லணும்.


மாம்பலம் பெரியவர் | ஞாயிறு காலை 8.15

வணக்கம். நான் 30 வருஷமாகப் பிராணாயாமம் செய்து வருகிறேன். சித்தர் மரபில் ஒரு கணக்கு உண்டு. மனிதனுக்கு நாளொன்றுக்கு 21,600 மூச்சு. நிமிடத்துக்கு 15. ஆயுள் வருஷத்தில் அளந்து தரப்படுவதில்லை, மூச்சில் அளந்து தரப்படுகிறது என்பார்கள். ஆமை நிதானமாக மூச்சு விடுகிறது, நூறைத் தாண்டுகிறது. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டே இருக்கிறது, பத்துப் பன்னிரண்டில் முடிந்துவிடுகிறது. குழந்தைக்கு இதைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வாள்.


கேள்விக்குறி | ஞாயிறு காலை 9.02

ஐயா சொன்னதைச் சும்மா தள்ளிட முடியாது. நான் உயிர்த்தொழில்நுட்பத்துல ஆராய்ச்சி பண்றவன், கிண்டி பக்கம். ஜெர்மனியில மாக்ஸ் ரூப்னர் 1908-ல கிட்டத்தட்ட இதே மாதிரிதான் சொன்னார். அவர் எண்ணினது மூச்சை இல்லை, உடம்பு எரிக்கிற சக்தியை. 1928-ல அமெரிக்காவுல ரேமண்ட் பேர்ல் அதை இன்னும் விரிச்சு எழுதினார். வேகமா எரியற விளக்கு சீக்கிரம் அணையும்ங்கிற மாதிரி.

கணக்கு போட்டா ஆச்சரியமாவும் இருக்கும். சுண்டெலியோட இதயம் நிமிஷத்துக்கு 600 தடவை அடிக்குதுன்னு வச்சுக்கங்க. ரெண்டரை வருஷத்துல சுமார் 80 கோடி துடிப்பு. யானைக்கு நிமிஷத்துக்கு 30. 60 வருஷத்துல சுமார் 95 கோடி. எடையில லட்சம் மடங்கு வித்தியாசம், துடிப்புல கிட்டத்தட்ட ஒண்ணு!

ஆனா இந்தக் கணக்கு உங்க பால்கனியிலேயே உடையுது. பறவையோட உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸ் வரும், நம்மளைவிட அதிகம். அதே எடையுள்ள எலியைவிடக் கிளி அதிகமா எரிக்குது. அந்தக் கணக்குப்படி கிளி எலிக்கு முன்னாடி போயிருக்கணும். வௌவால் இன்னும் மோசமா உடைக்குது. சைபீரியாவுல வளையம் மாட்டி விட்ட பிராண்ட் வௌவால் ஒண்ணு 41 வருஷம் கழிச்சு உயிரோட கிடைச்சுது. அதோட எடை 7 கிராம்தான். மனுஷனும் கணக்குல அடங்க மாட்டான். நிமிஷத்துக்கு 70 துடிப்பு, 75 வருஷம்னா 270 கோடியைத் தாண்டிடும்.


அயனாவரம் மெக்கானிக் | ஞாயிறு காலை 10.30

இருபது வருஷமா டூவீலர் சர்வீஸ் பண்றேன். என் அனுபவத்துல எல்லாம் தேய்மானம்தான் சார். பிஸ்டன் ரிங் தேயும், செயின் ஸ்பிராக்கெட் தேயும். நாயும் ஓடி ஓடித் தேயுது. கிளி கூண்டுல உக்காந்துட்டே இருக்கு, தேயலை. அவ்வளவுதானே?


உயிரியல் டீச்சர் | ஞாயிறு மதியம் 12.10

31 வருஷம் விலங்கியல் நடத்தியிருக்கேன். இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கணும்.

மெக்கானிக் தம்பி, வண்டி தன்னைத் தானே ரிப்பேர் பண்ணிக்காது. உடம்பு பண்ணிக்கும். ஸ்பேனர் வழுக்கி உங்க கையில வெட்டுப்பட்டா ஒரு வாரத்துல மூடிக்குது இல்லையா? குடலோட உள்தோல் சில நாள்ல மொத்தமா மாறிடும். எலும்புகூடக் கரைஞ்சு கரைஞ்சு புதுசா கட்டிக்கும். அதனால "ஏன் தேயுது"ன்னு கேட்டா பாதிக் கேள்விதான் கேட்டிருக்கோம். ரிப்பேர் தெரிஞ்ச உடம்பு ஏன் ஒரு கட்டத்துல ரிப்பேரை விட்டுடுது? அதுதான் முழுக்கேள்வி.

நீங்க சொல்ற தேய்மானம் அப்பட்டமா தெரியற இடம் யானையோட பல். கடைவாய்ப்பல் அதுக்கு வாழ்நாள்ல ஆறு செட். ஒண்ணு தேய்ஞ்சா பின்னாலிருந்து அடுத்தது நகர்ந்து வரும். ஆறாவதும் அறுபது வயசை ஒட்டித் தேய்ஞ்சு போனா, அரைக்க முடியாம மெலிஞ்சு சாகும். ஆனா சுறாவுக்குப் பல் விழ விழ ஆயுசுக்கும் முளைச்சுக்கிட்டே இருக்கு. முளைக்க வைக்கிற வித்தை இயற்கைக்குத் தெரியாதுன்னு இல்லை. யானைக்கு ஆறோட நிறுத்திக்கிச்சு. ஏன்னா ஏழாவது செட்டைப் பார்க்க உயிரோட இருந்த யானைகள் ரொம்பக் கொஞ்சம்.

இந்த இடத்தைத்தான் பீட்டர் மெடவார் 1951-ல லண்டன்ல ஆற்றின உரையில பிடிச்சார். அவர் சோதனைக்குழாயை உதாரணம் காட்டினார், நான் வகுப்புல டீக்கடை கிளாஸ்னு மாத்திச் சொல்வேன். நூறு கிளாஸ் இருக்கு. கிளாஸுக்கு வயசாகாது. ஆனா வாரம் அஞ்சாறு கை தவறி விழுந்து உடையும், அதுக்குப் பதிலா புதுசு வாங்கி வைப்பாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா பழைய கிளாஸ் நாலோ அஞ்சோதான் மிஞ்சும். அந்த நாலு கிளாஸுல மட்டும், அதுவும் ஒரு வருஷத்துக்கு அப்புறம்தான் தெரியற ஒரு விரிசல் இருந்தா, கடைக்காரருக்கு அதனால பெரிய நஷ்டமில்லை. இயற்கையும் அப்படித்தான். இளமையில கொல்ற குறையை அது விடாம களைஞ்சுடும். முதுமையில கொல்ற குறையைக் களைய அதுக்கு வாய்ப்பே கிடைக்கறதில்லை. ஏன்னா அந்த வயசுக்கு முன்னாடியே புலியோ பஞ்சமோ கொண்டுபோயிருக்கும், குட்டிகளும் பிறந்து முடிஞ்சிருக்கும்.

1957-ல ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒரு படி மேல போனார். இளமையில பலம் குடுக்கிற ஒரு மரபணு முதுமையில கெடுதல் பண்ணினாலும் இயற்கை அதை வச்சுக்கும்னார். 1977-ல டாம் கிர்க்வுட் இதையே செலவுக் கணக்கா பார்த்தார். உடம்புக்கு வரும்படி ஒண்ணுதான். அதை ரிப்பேருக்கும் செலவு பண்ணணும், பிள்ளைப்பேறுக்கும் செலவு பண்ணணும். நான் சொல்ற உதாரணம்: வாடகை வீட்டுக்கு யாராவது கிரானைட் போடுவாங்களா? ரெண்டு வருஷத்துல காலி பண்ணச் சொல்வாங்கன்னு தெரிஞ்சா சுவத்துல ஆணிகூட யோசிச்சுத்தான் அடிப்போம். எலி தன் உடம்புல வாடகைக்கு இருக்கு. ஆந்தை இன்னிக்குத் தூக்கலைன்னா நாளைக்குப் பூனை தூக்கும். அதனால வரும்படி எல்லாம் குட்டிக்கே போகுது. கிளிக்கு இறக்கை இருக்கு, ஆபத்துன்னா பறந்துடும். நாளைக்கும் இருப்போம்னு நம்பி ரிப்பேருக்குச் செலவு பண்ணினது அதோட வம்சத்துக்கு லாபமா முடிஞ்சுது. வௌவாலுக்கும் அதே கதை. ஆமைக்கு ஓடு. கென்யா, எத்தியோப்பியா பக்கம் மண்ணுக்கடியில வாழற முடியில்லா வளை எலி எடையில நம்ம சுண்டெலியைவிடக் கொஞ்சம்தான் அதிகம், ஆனா 30 வருஷத்தைத் தாண்டுது. ஆந்தை அதைப் பார்த்ததே இல்லை.

இது வெறும் யோசனையோட நிக்கலை. ஸ்டீவன் ஆஸ்டாட்னு ஒருத்தர் அமெரிக்காவுல ஒப்போசம்னு சொல்ற பையுள்ள பிராணியை ரெண்டு இடத்துல வச்சுப் பார்த்தார். ஒண்ணு வேட்டை மிருகங்கள் நிறைஞ்ச பெருநிலம். இன்னொண்ணு சாபெலோ தீவு, பல ஆயிரம் வருஷமா பெருநிலத்துலேர்ந்து பிரிஞ்சது, பெரிய வேட்டை மிருகங்கள் இல்லாதது. 1993-ல வெளியிட்டார். தீவுல இருக்கிறது அதிக நாள் வாழுது, ஒரு ஈத்துக்குக் குட்டி குறைவா போடுது. வால்ல இருக்கிற நாரை எடுத்து அளந்து பார்த்தா, தீவுப் பிராணிக்கு அந்த நார்கூட மெதுவாத்தான் முதுமை அடையுது. ஆபத்து குறைஞ்ச இடத்துல உடம்போட உள்நாரே மாறிப்போச்சு. எனக்கு இன்னிக்கும் இதைப் படிச்சா மெய் சிலிர்க்கும்.

சீசரோட கண்ணைப் பத்தி ஒரு வார்த்தை. நீலம் பூத்ததெல்லாம் புரையாகாது. கண் லென்ஸுல வாழ்நாள் முழுக்க வெளிப்பக்கமா அடுக்கு மேல அடுக்கா இழை சேர்ந்துக்கிட்டே இருக்கும், பழசு எதுவும் வெளியே போகாது. நடுவுல இருக்கிறது நெருக்கி நெருக்கி இறுகும். வயசான நாய்க்கு வர்ற அந்த நீல மங்கல் பெரும்பாலும் அதுதான், பார்வையும் பெருசா கெடாது. எதுக்கும் உங்க டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கங்க.


மாம்பலம் பெரியவர் | ஞாயிறு மதியம் 12.55

டீச்சரம்மா, முழுவதும் படித்தேன். வாடகை வீடு உதாரணம் மனதில் நிற்கிறது. மூச்சுப் பயிற்சியால் எனக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, அதை விடமாட்டேன். ஆனால் வௌவாலுக்கு என்னிடம் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.


வேளச்சேரி மழை | ஞாயிறு மாலை 6.20

போன ஐப்பசியில முதல் மழை விட்ட சாயங்காலம் எங்க வாசல் டியூப்லைட்டைச் சுத்தி ஈசல். அம்மா கீழே அன்னக்கூடையில தண்ணி வச்சாங்க. காலையில வாசல் முழுக்க இறக்கை, கண்ணாடித்தாள் மாதிரி, விளக்குமாறுல ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. "பாவம், ஒருநாள் வாழ்வு"ன்னாங்க அம்மா.

நான் குனிஞ்சு பார்த்தப்ப சுவரோரமா ஒரு ஜோடி. இறக்கை உதிர்ந்து போச்சு. பெண் முன்னாடி நடக்குது, ஆண் அதோட வாலை ஒட்டினாப்ல பின்னாடியே போகுது. செம்பருத்தித் தொட்டிக்குக் கீழே ஈரமண்ணுல ஒரு விரிசல் தேடி இறங்கிடுச்சு. அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், அந்த மாதிரி தப்பிச்சு மண்ணுக்குள்ள போன பெண்தான் புற்றோட ராணி ஆகுது. 15, 20 வருஷம்கூட வாழுமாம். ஆயிரக்கணக்குல ஈசல் வந்து பல்லிக்கும் காக்காவுக்கும் போச்சு. அதுல ஒரே ஒரு ஜோடி மண்ணுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டா இருபது வருஷம். டீச்சர் சொன்ன கணக்கு எங்க வாசப்படியிலேயே நடந்திருக்கு.


உயிரியல் டீச்சர் | ஞாயிறு மாலை 7.05

கண்ணா, அருமையா பார்த்திருக்கே. எறும்புல இன்னும் கூட. கறுப்புத் தோட்டத்து எறும்போட ராணி ஒண்ணு ஆய்வுக்கூடத்துல 28 வருஷத்துக்கு மேல இருந்திருக்கு. கூட்டமா வாழற பூச்சிகளோட ராணி, தனியா வாழற பூச்சியைவிட சுமார் நூறு மடங்கு அதிக காலம் வாழுதுன்னு 1997-ல கணக்கிட்டாங்க. தேனீயில இன்னும் வியப்பு. ஒரே டிஎன்ஏ உள்ள முட்டை ராணியாவும் ஆகலாம், வேலைக்காரியாவும் ஆகலாம், புழுவா இருக்கிறப்ப ஊட்டின உணவுதான் வேற. வேலைக்காரி பூக்காலத்துல ஆறு வாரம், ராணி வருஷக்கணக்குல. ஆயுசு எழுத்துல மட்டும் இல்லை, அந்த எழுத்துல எந்தப் பக்கத்தைத் திறந்து வாசிக்கிறோம்ங்கிறதுலயும் இருக்கு.


கேள்விக்குறி | ஞாயிறு இரவு 9.40

டீச்சர், ஒரு மறுப்பு சொல்லணும். ஆபத்து அதிகம்னா சீக்கிரம் முதுமைங்கிறது எல்லா இடத்துலயும் பொருந்தலை. டிரினிடாட் தீவு ஓடைகள்ல கப்பி மீன் இருக்கு, நம்ம கொளத்தூர் கடைகள்ல விக்கிற அதே கப்பி. டேவிட் ரெஸ்னிக் குழு 2004-ல பார்த்தப்ப, பெரிய மீன்கள் தின்னு தீர்க்கிற ஓடையிலேர்ந்து வந்த கப்பி, ஆய்வுக்கூடத்துல பாதுகாப்பான ஓடைக் கப்பியைவிட அதிக நாள் வாழ்ந்துச்சு. நேர்மாறு. அதேசமயம் அதோட நீச்சல் வேகம் வயசாக ஆக சீக்கிரமா குறைஞ்சுது. அப்ப முதுமைங்கிறது ஒண்ணு இல்லை, உடம்போட ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிக் கடிகாரம் இருக்குன்னு தோணுது.


உயிரியல் டீச்சர் | ஞாயிறு இரவு 10.15

நியாயமான மறுப்பு. எத்தனை பேர் சாகறாங்கங்கிறது மட்டும் போதாது, யார் சாகறாங்கன்னும் பார்க்கணும். வேட்டை மீன் நல்லா நீந்த முடியாததைத்தான் முதல்ல பிடிக்கும். மிஞ்சினது திடமானது. கூட்டம் குறைஞ்சதால மிஞ்சினதுக்குத் தீனியும் அதிகம். மெடவாரோட கிளாஸ் கண்மூடித்தனமா உடையுது, ஓடையில சாவுக்குக் கண் இருக்கு. இதைச் சேர்த்துத்தான் சொல்லணும், நான் விட்டுட்டேன்.


காசிமேடு அலை | திங்கள் காலை 5.50

நாங்க மூணு தலைமுறையா கடல் தொழில். படிச்சவங்க பேசுற இடத்துல ஒரு விஷயம் நானும் சொல்றேன்.

பேய்க்கணவாய் இருக்கு பாருங்க, எட்டுக் கால். பொட்டைக் கணவாய் பொந்துல முட்டை வச்சுதுன்னா அதை விட்டு நகராது. திங்காது. கால்ல முட்டையைத் தடவிக்கிட்டு, தண்ணியப் பீச்சிக்கிட்டு இருக்கும். குஞ்சு வெளிய வர்ற சமயம் ஆத்தா செத்துடும். எங்கப்பா சொல்வாரு, அது வாழை மாதிரிடா, குலை தள்ளுனா மரம் முடிஞ்சுதுன்னு. நான் அது பட்டினியில சாகுதுன்னு நெனச்சிருந்தேன். 1977-ல ஒருத்தர் கண்ணுக்குப் பின்னால இருக்கிற ஒரு ஜோடி சுரப்பியை அறுத்து எடுத்துட்டாராம். அந்தப் பொட்டை முட்டையை விட்டுட்டு மறுபடி திங்க ஆரம்பிச்சு மாசக்கணக்குல கூட வாழ்ந்துச்சாம். அப்ப அது தேஞ்சு சாகல. சாவுற நேரத்தை அந்தச் சுரப்பிதான் சொல்லுது. படிச்சதுல இருந்து கணவாய் வலையில ஏறும்போதெல்லாம் அது ஞாபகம்தான்.

மீனுக்கு வயசு எப்டி பாக்குறாங்கன்னு பொண்ணுக்குச் சொல்லுங்க. கத்தாழை மீன் வாங்குங்க, தலையோட. தலைய ரெண்டா பொளந்தா உள்ள வெள்ளையா ரெண்டு கல்லு இருக்கும். செவிக்கல்லு. மீன் வளர வளர கல்லும் சுத்து சுத்தா வளரும், மரத்துக்கு இருக்குற மாதிரி. குளுரு நாட்டு மீனுக்கு வருஷ வளையம் பளிச்சுனு தெரியும். நம்ம கடல்ல குளிர்காலம் இல்லாததால அவ்ளோ சுலுவா தெரியாது, சின்ன மீனுக்கு நாள் வளையம் மைக்ராஸ்கோப்புல எண்ணலாம்.


ஆமைநடை | திங்கள் காலை 11.30

பெசன்ட் நகர்லேர்ந்து நீலாங்கரை வரைக்கும் ராத்திரி ஆமை நடை போறவங்கள்ல நானும் ஒருத்தி. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-லேர்ந்து நடத்தற நடை. டீச்சர் சொன்ன ஆமை ஓட்டைப் பத்தி எனக்கு ஒண்ணு சொல்லியே ஆகணும்.

2022-ல விலங்குக்காட்சி சாலைகள்ல இருக்கிற 52 வகை ஆமைகளோட பதிவேடுகளை அலசினாங்க. முக்கால்வாசி வகைக்கு முதுமை ரொம்ப மெதுவா வருது, சிலதுக்கு வர்றதாவே தெரியலை. செயின்ட் ஹெலீனா தீவுல இருக்கிற ஜொனாதன்ங்கிற ராட்சத ஆமை 1832 வாக்குல பிறந்ததுன்னு கணக்கு.

நம்ம கரைக்கு வர்ற பங்குனி ஆமை அந்த மாதிரி நீண்ட கணக்குல வாழற உயிர். ஒரு குழியில நூறு முட்டை போடும். ஆயிரம் குஞ்சுல ஒண்ணு பெரிசானா பாக்கியம். பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சுத்தான் தாயாகும். அந்த ஒண்ணு வருஷா வருஷம் திரும்பி வந்து முட்டை போட்டாத்தான் 999 இழப்பும் ஈடாகும். வளர்ந்த ஆமை சாகறது அபூர்வம்ங்கிற நம்பிக்கையிலதான் அந்த உடம்பே அமைஞ்சிருக்கு. 2025 தொடக்கத்துல நம்ம கரையில நூற்றுக்கணக்குல செத்து ஒதுங்கினது எல்லாம் வளர்ந்த ஆமைங்க. கண்ணு பிதுங்கி, கழுத்து வீங்கி. வலைக்குள்ள மாட்டினா மேலே வந்து மூச்சு விட முடியாம மூழ்கிச் சாகும். எலி ஒரு பருவத்துல இழப்பைச் சரிக்கட்டிடும். ஆமையால முடியாது. ஒரு நாள் காலையில திருவான்மியூர்லேர்ந்து நடந்தப்ப ஏழு உடம்பைத் தாண்டிப் போனேன். இன்னும் மனசு ஆறலை.


காசிமேடு அலை | திங்கள் மதியம் 1.20

தங்கச்சி, எங்க யாருக்கும் அதைக் கொல்லணும்னு ஆசை இல்ல. வலையில ஆமை வந்தா எங்கம்மா காலத்துல மஞ்சத்தண்ணி தெளிச்சு கடல்ல விடுவாங்க. இழுவலையில ஆமை தப்பிச்சுப் போற மாதிரி வழி வச்ச வலை இருக்கு. அதை எல்லா போட்டும் மாட்டணும். நான் எங்க சங்கத்துல பேசிட்டு இருக்கேன். விடமாட்டேன்.


பெரம்பூர்வாசி | திங்கள் இரவு 8.45

எல்லாருக்கும் நன்றி. பொண்ணு பக்கத்துலயே உக்காந்து படிச்சா. வாடகை வீடு அவளுக்கு உடனே புரிஞ்சுது, நாங்களும் வாடகைதான்.

எனக்கு ரெண்டு கேள்வி மிச்சம். நாயோட மூதாதை ஓநாய், பெரிய மிருகம். யானை, திமிங்கலம்னு பெருசெல்லாம் அதிக நாள் வாழுதுங்கிறாங்க. ஆனா எதிர்வீட்டுப் பொமரேனியன் 15 வயசுலயும் குதிக்குது, 35 கிலோ சீசர் 12-லயே படுத்துட்டான். ஏன்? அப்புறம் அந்த ஏழு வருஷக் கணக்கு சரியா?


கேள்விக்குறி | திங்கள் இரவு 9.30

இனத்துக்கு இனம் பார்த்தா பெருசு அதிக நாள் வாழும். பெருசைத் தின்ன ஆள் குறைவு. நாய்ங்கிற ஒரே இனத்துக்குள்ள பார்த்தா தலைகீழ். கிரேட் டேன் எட்டு வயசைத் தொட்டாலே பெருசு, சின்ன ஜாதிகள் 14, 15. ஏறத்தாழ ரெண்டு கிலோ எடை கூடக் கூட ஆயுசு ஒரு மாசம் குறையுதுன்னு ஒரு பெரிய கணக்கெடுப்பு சொல்லுது. வளர்ச்சிக்குக் காரணமான ஐஜிஎஃப்-1ங்கிற ஹார்மோன் சின்ன நாய்கள்ல குறைவு. இந்த ஹார்மோன் சங்கிலியோட ஒரு கண்ணியை ஒரு மில்லிமீட்டர் புழுவுல தளர்த்தினப்பதான் 1993-ல சிந்தியா கென்யன் அதோட ஆயுசு ரெட்டிப்பானதைப் பார்த்தார். யானை பெருசாக எத்தனையோ லட்சம் வருஷம் எடுத்துக்கிச்சு. பெருசான உடம்புல செல் அதிகம், புற்றுநோய்க்கு வாய்ப்பும் அதிகம். அதுக்காகப் புற்றைத் தடுக்கிற பி53 மரபணுவை 20 பிரதி சேர்த்துக்கிச்சு, நமக்கு ஒண்ணுதான். நாயைப் பெருசாக்கினது மனுஷன், பெரும்பாலும் போன சில நூறு வருஷத்துல. உடம்பைப் பெருசாக்கினோம், காவலைக் கூட்டலை.

ஏழு வருஷக் கணக்கு தப்பு. 2020-ல லேப்ரடார் நாய்களோட டிஎன்ஏ மேல படிஞ்சு, வயசாக ஆக மாறற மெத்தில்ங்கிற வேதி அடையாளங்களை மனுஷனோட ஒப்பிட்டாங்க. ஒரு வயசு லேப்ரடார் நம்ம 30 வயசுக்குச் சமம். அதுக்கு அப்புறம் வேகம் குறைஞ்சுக்கிட்டே வருது. சீசரோட 12, அந்தச் சூத்திரத்துல போட்டா சுமார் 70. ஏழால பெருக்கினா 84 வரும். உங்க பிள்ளை 14 வயசு சின்னவர்.


பெரம்பூர்வாசி | திங்கள் இரவு 10.05

70-ன்னா எங்கப்பா வயசு. படிச்சதும் தொண்டை அடைச்சுக்கிச்சு.

நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? பாசத்துல கேட்டப்ப எல்லாம் போட்டுட்டேன். பிரியாணி வாங்கினா அவனுக்கு ஒரு பங்கு.


கேள்விக்குறி | திங்கள் இரவு 10.25

உண்மையைச் சொல்றேன், மனசுல வச்சு வருத்தப்படாதீங்க சார். 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாப் பிரிச்சு, ஒண்ணுக்குப் போடறதைவிட இன்னொண்ணுக்குக் கால் பங்கு குறைச்சுப் போட்டு ஆயுசு முழுக்கப் பார்த்தாங்க. 2002-ல முடிவு வந்தது. அதிகமா சாப்பிட்டது நடுவாந்திரமா 11.2 வருஷம், குறைச்சுச் சாப்பிட்டது 13. மூட்டுவலியும் தள்ளிப் போச்சு. உங்க சீசர் அந்த முதல் கூட்டத்தோட கணக்கை ஏற்கெனவே தாண்டிட்டான். இப்ப எடையைக் கொஞ்சம் இறக்கினாலும் இடுப்புக்கு இதம். டாக்டர்கிட்ட கேட்டு அளவு வச்சுக்கங்க.


அண்ணாநகர் அம்மா | செவ்வாய் காலை 7.15

டெலோமியரை நீட்டற மாத்திரைன்னு ஒண்ணு வாட்ஸ்அப்புல வந்துச்சு. நாய்க்கும் குடுக்கலாம்னு போட்டிருக்கு. விலை ஜாஸ்தி. வாங்கலாமாப்பா?


உயிரியல் டீச்சர் | செவ்வாய் காலை 8.00

வேண்டாம் மா. டெலோமியர்ங்கிறது குரோமோசோம் நுனியில இருக்கிற தொப்பி. செல் பிரியப் பிரியத் தேயும், அது உண்மை. ஆனா ஆய்வுக்கூட எலிக்கு அந்தத் தொப்பி நம்மளைவிட ரொம்ப நீளம், அது வாழறது ரெண்டு மூணு வருஷம். நீளம்தான் ஆயுசுன்னா எலி நமக்குத் தாத்தா ஆகியிருக்கும். ஈஸ்டர் தீவு மண்ணுல கிடைச்ச ராபமைசின்ங்கிற மருந்து 2009-ல வயசான எலிகளோட ஆயுசைக்கூட நீட்டிக் காட்டிச்சு. அதை அமெரிக்காவுல நாய்கள்கிட்ட முறையா சோதிக்கிறாங்க. முடிவு வர்றதுக்கு முன்னாடி யார் பேச்சையும் கேட்டு எதையும் வாயில போட்டுடாதீங்க. நோய் எதிர்ப்பை மட்டுப்படுத்தற மருந்து அது.


பெரம்பூர்வாசி | ஞாயிறு மாலை 5.10

காசிமேடு அண்ணே, இன்னிக்குக் கத்தாழை வாங்கினோம், தலையோட. மனைவி அரிவாள்மணையில தலையைப் பிளந்தா. மூளைக்குப் பக்கத்துல, நீங்க சொன்ன மாதிரியே, ரெண்டு கல். பீங்கான் துண்டு மாதிரி வெள்ளை, ஒரு பக்கம் வழவழன்னு, மறுபக்கம் ஒரு வாய்க்கால் வெட்டினாப்ல. பொண்ணு பல் தேய்க்கிற பிரஷ்ல தேய்ச்சுக் கழுவி, ஒண்ணைப் பென்சில் பாக்ஸுல வச்சுக்கிட்டா. லென்ஸ் வச்சுப் பார்த்தா வளையம் ஒண்ணும் தெரியலை.

நேத்து ராத்திரி, டீச்சர் எழுதின கண் விஷயத்தையும், கிரீன்லாந்து சுறாவோட கண் லென்ஸுல நடுப்பகுதியை எடுத்துத்தான் அதுக்குக் குறைஞ்சது 272 வயசுன்னு 2016-ல கண்டுபிடிச்சாங்கன்னு எங்கேயோ படிச்சதையும் அவளுக்குச் சொன்னேன். சீசர் பக்கத்துல படுத்துக்கிட்டு அவன் கண்ணையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தா. "அப்போ இவன் குட்டியா நம்ம வீட்டுக்கு வந்த அன்னிக்கு இருந்தது இன்னும் உள்ளே இருக்குப்பா"ன்னா. இப்ப அவனுக்காகக் கீழ் ரூம்லயே படுத்துக்கிறா.

அந்தக் கல்லுல வளையம் தெரிய என்ன பண்ணணும் அண்ணே?


காசிமேடு அலை | ஞாயிறு மாலை 6.45

முழுக் கல்லுல தெரியாது தம்பி. உப்புத்தாள்லயே ரொம்ப நைசா இருக்கிறதா வாங்கு. தண்ணி தொட்டு ஒரு பக்கம் தேய்க்கணும், நடுப்பகுதி வர்ற வரைக்கும். அப்புறம் திருப்பிப் போட்டு மறுபக்கம். மெல்லிசா, வெளிச்சம் ஊடுருவுற பதத்துக்கு வந்ததும் நிறுத்திடு, இல்லன்னா நடுவே போயிடும். நடுவுலதான் அது பொறந்த நாள் இருக்கு. ரெண்டு கல்லு இருக்கே, முதல்ல ஒண்ணைக் கெடுத்துப் பழகச் சொல்லு.